தானே போய்ப் பார்த்துவிட்டு

சாப்பாட்டுக்குப் பிந்தைய வகுப்பு என்றால் யாருக்குத்தான் கண் சொருகாது. குழல்வாய்மொழி கடைசிக்கு முந்தின வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். திரைச்சீலையை இழுத்து மூடியிருந்தும் அதன் ஓரத்தில் விரலகலத்துக்கு வெயில் நுழைந்து அவள் முழங்கையைச் சுட்டுக்கொண்டிருந்தது, ஒரு சாண் நகர்ந்தால் போதும், நகரவில்லை, சுடட்டும் என்று வைத்திருந்தாள், இந்தப் பதினொரு மாதமாகச் சின்னச் சின்ன வலிகளை அவள் விலக்கிக்கொள்வதில்லை, செருப்பு கடித்தால் கடிக்கட்டும், காப்பி ஆறிப்போனால் ஆறின காப்பியே போதும், அதனால் எதுவும் நேராகிவிடாது என்று தெரியும், தெரிந்தும். கீழ்த்தளத்தில் நெய் காய்ச்சுகிறார்கள். பொன்னோடை டெய்ரியில் இருபத்தாறு வருடம், அதில் எட்டு வருடம் லேபின் பொறுப்பு, அந்த வாசனை மூக்குக்குப் பழகிப்போயிருக்க வேண்டும், ஆனால் வயிறு நிறைந்த நேரத்தில் அது இன்னும் குமட்டத்தான் செய்கிறது, அதுவும் இன்று விருந்துச் சாப்பாடு, வெளியிலிருந்து ஆள் வந்து பயிற்சி கொடுக்கும் நாட்களில் மட்டும் போடுகிற உருளைக்கிழங்கு பொரியலும் பால்கோவாவும். முன்வரிசையில் பொது மேலாளர் சடகோபனின் வழுக்கைத் தலையும், அவர் பக்கத்தில் உற்பத்தி மேலாளர் கணபதிராமனின் சாயம் பூசிய தலையும் தெரிந்தன. நடுவில் நாற்பது தலைகள். மேடையில் ரஷீதா என்ற பெண், வேளாண் கல்லூரியில் பூச்சிகளைப் பற்றிப் பாடம் நடத்துகிறவளாம், முப்பதைத் தாண்டி ஒன்றிரண்டு இருக்கும், பஸ்ஸில் வந்த கசங்கல் புடவையில் இன்னும் போகவில்லை, கையில் மைக்கை வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தொண்டையாலேயே பேசிக்கொண்டிருந்தாள். கூட்டமாக வாழும் உயிர்களிடம் நிறுவனங்கள் கற்கக்கூடியது என்ன என்று திரையில் எழுதியிருந்தது. எறும்பு வரிசையாகப் போகும், சுறுசுறுப்பாக இருக்கும், ஒற்றுமையே பலம், அவ்வளவுதானே, நாலு மணிக்கு டீ வரும், அதுவரை கண்ணைத் திறந்து வைத்திருந்தால் போதும் என்றுதான் குழல்வாய்மொழி நினைத்திருந்தாள்.

எறும்பு முடிந்து தேனீ வந்தது. கூடு பெருத்துவிட்டால் பாதிக் கூட்டம் ராணியைக் கூட்டிக்கொண்டு வெளியேறி ஏதாவது கிளையில் கொத்தாகத் தொங்கும், நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள் என்றாள் ரஷீதா. புது இடம் தேட வேண்டும், ஆனால் ராணி எதையும் முடிவு செய்வதில்லை. சில நூறு தேனீக்கள் திசைக்கொன்றாகப் பறக்கும். நல்ல பொந்து கண்ட தேனீ திரும்பி வந்து கொத்தின் மேலேயே ஆடிக் காட்டும், எந்தப் பக்கம், எவ்வளவு தூரம், எவ்வளவு நல்ல இடம் என்று. இதுவரைக்கும் குழல்வாய்மொழி பாதித் தூக்கத்தில் கேட்டாள். அந்த ஆட்டத்தைப் பார்த்த இன்னொரு தேனீ உடனே சேர்ந்துகொண்டு ஆடிவிடாது, அதுதான் விஷயம் என்றாள் ரஷீதா. அது கிளம்பிப் போகும். தானே போய்ப் பார்த்துவிட்டு, பொந்துக்குள் நடந்து அளந்துவிட்டு, பிடித்திருந்தால்தான் வந்து ஆடும், பிடிக்கவில்லை என்றால் பேசாமல் கொத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும், முன்னால் ஆடியது எவ்வளவு பெரிய ஆட்டக்காரியாக இருந்தாலும் சரி. தானே போய்ப் பார்த்துவிட்டு. முள்ளில் முந்தானை மாட்டிக்கொள்வதுபோல் அந்த இடத்தில் மாட்டிக்கொண்டாள் குழல்வாய்மொழி, ரஷீதா அடுத்ததற்கும் அதற்கடுத்ததற்கும் போய்விட்டாள், இவள் மட்டும் அங்கேயே நின்றாள். போய்ப் பார்க்க எத்தனை தூரம் இருந்தது அன்றைக்கு. கூட்ட அறையிலிருந்து லேபுக்கு மாடிப்படி பதினாறு, அப்புறம் வராந்தா, லேபுக்குள் இடதுகைப் பக்கம் ஃபிரிட்ஜ், இரண்டாம் தட்டு. கால் லிட்டர் பாட்டில், கழுத்தில் நூல் கட்டி அரக்கு சீல், அரக்கில், ஊர்ப் பாலைச் சேர்த்துக் குளிரவைத்து அனுப்புகிற ஆனைக்குளம் சில்லிங் சென்டரின் முத்திரை, சீட்டில் அருமைநாயகத்தின் சாய்ந்த கையெழுத்து. பால் சோதனை மெஷினில் வைத்தால் ஒரு நிமிஷம். கணக்குப் போட்டால் போக வர எல்லாம் சேர்த்துப் பத்து நிமிஷம். பத்து நிமிஷம் வெளியே போய்விட்டு வருகிறேன் என்று சொல்ல ஒரு வாய்.

போன தை மாதம், பொங்கல் முடிந்த மூன்றாம் நாள். ஆனைக்குளத்திலிருந்து வந்த டேங்கர் பாலில் நூற்றுக்கு ஏழு பங்கு தண்ணீர். ஒன்று, பாலை டேங்கரில் ஏற்றும் முன்பே சென்டரில் கலந்திருக்க வேண்டும், அங்கே பொறுப்பாளர் அருமைநாயகம். இல்லை, வழியில் கலந்திருக்க வேண்டும், டேங்கரின் குத்தகைதாரர் சடகோபனுடைய மைத்துனர், இது எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்ல மாட்டார்கள். எது என்று தீர்க்கத்தானே ஏற்றும் முன் ஒரு சாம்பிளை எடுத்துச் சீல் வைத்து அனுப்புவது. விசாரணைக் குழுவில் ஐந்து பேர். சடகோபன் ஃபைலைத் திறந்து, இவ்வளவு காலம் நம்பின ஆள், வருத்தமாகத்தான் இருக்கிறது என்று ஆரம்பித்தார். கணபதிராமன், சீல் வைத்த சாம்பிளையும் பார்த்தாகிவிட்டது சார், அதிலும் தண்ணீர்தான் என்றார். நிர்வாக அலுவலர் தலையை ஆட்டினார். போக்குவரத்து அலுவலர் அவர் தலையாட்டியதைப் பார்த்துத் தலையாட்டினார். பார்த்தாகிவிட்டதா, யார் பார்த்தது, காலையில் குழல்வாய்மொழி ஃபிரிட்ஜைத் திறந்தபோது அரக்கு முழுசாக இருந்ததே, விரிசல்கூட இல்லையே, ஒருவேளை வேறு பாட்டில் இருக்குமோ, இரண்டு பாட்டில் வந்திருக்குமோ, வந்திருக்காது, வருவதே ஒன்றுதான், இருபத்தாறு வருடமாக ஒன்றுதான் வருகிறது. இப்படி மனசு ஓடிக்கொண்டிருக்கும்போதே, அருமைநாயகத்தை நீக்கலாம் என்று எழுதின ஃபைல் மேஜையைச் சுற்றி வந்துவிட்டது. சடகோபன் கையெழுத்துப் போட்டார், கணபதிராமன் போட்டார், மற்ற இரண்டு பேர் போட்டார்கள், ஐந்தாவதாக அவள். பேனா எழுதவில்லை. ஓரத்தில் கிறுக்கிப் பார்த்தாள், உதறினாள், மறுபடி வைத்தாள், எழுதவில்லை, கைப்பையில் தேடி வேறு பேனா எடுத்துப் போட்டாள். அவ்வளவுதான் அன்றைக்கு நடந்தது. பயந்துவிட்டாள் என்று சொல்லிக்கொள்ள முடிந்தால்கூட ஒரு மாதிரி ஆறுதலாக இருந்திருக்கும், பயத்துக்கு ஒரு மரியாதை உண்டு, மிரட்டினார்கள் பணிந்தேன் என்று சொல்லலாம், யாரும் மிரட்டவில்லை, ஒரு முறைப்புகூட இல்லை. மணி ஒன்றரை. பசித்தது. நாலு பேர் போட்டுவிட்டார்கள். அவர்கள் பார்த்திருப்பார்கள் என்று அவள் நினைத்தாள், அவள் லேப் பொறுப்பாளர், அவளுக்குத் தெரியாமல் இருக்காது என்று அவர்கள் நினைத்திருப்பார்கள், இல்லை, அவர்கள் நினைத்தது வேறாக இருக்கலாம், அவர்களுடையதை ஏன் இவள் பிரித்துப் பார்க்க வேண்டும், தன்னுடையதைப் பார்க்கவே நேரம் போதவில்லை.

முன்வரிசையில் சிரிப்பு எழுந்தது. குழல்வாய்மொழி நிமிர்ந்து பார்த்தாள். ரஷீதா ஒரு பெரிய கண்ணாடி ஜாடியை மேஜையில் வைத்திருந்தாள், உள்ளே புளியங்கொட்டை, ஏறக்குறைய வாய்வரை. ஒரு சின்ன விளையாட்டு என்றாள். இதில் எத்தனை கொட்டை இருக்கும், வரிசையாக எல்லாரும் சத்தமாகச் சொல்லுங்கள். முதலில் சடகோபன். அவர் கண்ணாடியைக் கழற்றிப் போட்டுக்கொண்டு, ஐந்நூறு இருக்கும் என்றார். ஐந்நூற்றுப் பத்து, கணபதிராமன். நானூற்றைம்பது. ஐந்நூறு. ஐந்நூற்றிருபது. நானூற்றுத் தொண்ணூறு. ஜாடியைப் பார்த்ததுமே குழல்வாய்மொழிக்கு ஒரு எண்ணிக்கை விழுந்திருந்தது, அளவைகளோடேயே வாழ்ந்த கண் அது, ஒரு கைக்கு எழுபது எண்பது என்று வைத்தால் ஜாடி பதினாலு கையாவது கொள்ளும், ஆயிரத்துக்கு மேலே, நிச்சயம் ஆயிரத்துக்கு மேலே. குரல்கள் வரிசை வரிசையாகப் பின்னால் வந்துகொண்டிருந்தன, ஐந்நூற்று முப்பது, நானூற்றெண்பது, அவள் பக்கத்தில் இருந்த பாக்கிங் செக்ஷன் ஆள் ஐந்நூறு என்றான், அவள் வாய் திறந்து ஐந்நூற்றைம்பது என்றாள். சொல்லிவிட்டுத் தன் குரலைத் தானே கேட்டாள். யார் கேட்டார்கள் உன்னை, புளியங்கொட்டை விஷயத்தில்கூடவா, இதில் என்ன போகப்போகிறது, வேலையா மானமா, இந்தத் தலை முப்பது தலைக்குப் பின்னால்தானே இருக்கிறது, சடகோபன் திரும்பிக்கூடப் பார்க்கப் போவதில்லை, அப்படியும் ஐம்பதுக்கு மேல் தாண்ட நாக்கு வரவில்லை. காது மடல் சுட்டது. அன்றைக்குச் செய்தது ஒரு நாள் பிசகு, பசி மயக்கம், கெட்ட நேரம் என்று எத்தனை முறை தேற்றிக்கொண்டிருப்பாள், பிசகு இல்லை போலிருக்கிறது, அவள் ஆளே இப்படித்தான் போலிருக்கிறது.

கையெழுத்துப் போட்டதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. கையெழுத்துப் போட்ட இரண்டாம் நாள், லேப் உதவியாளர்கள் சாப்பிடப் போன நேரத்தில், அவள் ஃபிரிட்ஜைத் திறந்தாள். எதற்குத் திறந்தாள் என்று இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது. தண்ணீர் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே திறந்தாள், அது மட்டும் ஞாபகம் இருக்கிறது, தென்காசிக் கோயில் பக்கம் திரும்பி ஒரு கும்பிடுகூட மனசுக்குள் போட்டாள், கடவுளே இந்தப் பாலில் தண்ணீர் இருக்கட்டும். ஒரு மனுஷனின் பிழைப்பு கெட்டது சரியாகத்தான் கெட்டது என்று ஆகிவிட வேண்டும், அதற்கு வேண்டுதல். அரக்கை உடைத்தாள். சின்னச் சின்னச் சிவப்புத் துணுக்குகள் மேஜையில் சிதறின. பாட்டிலைக் குலுக்கி மெஷினில் வைத்தாள், மெஷின் உறிஞ்சியது, ஒரு நிமிஷம் அந்தச் சின்ன இரைச்சல், அப்புறம் வரிசையாக எண்கள் வந்தன, கொழுப்பு இவ்வளவு, மற்ற சத்து இவ்வளவு, கடைசி வரியில் சேர்த்த தண்ணீர் பூஜ்யம். மறுபடி வைத்தாள். பூஜ்யம். நல்ல பால், அருமையான பால், ஆனைக்குளத்துக் கரிசல் புல் தின்ற மாட்டின் பால். அந்த நேரம் ஃபைல் இன்னும் கீழே நிர்வாக அலுவலர் மேஜையில்தான் இருந்தது, உத்தரவு டைப் ஆகவில்லை, அதுவும் அவளுக்குத் தெரியும். அவள் செய்தது என்னவென்றால், பாட்டிலைக் கொண்டுபோய்க் கழுவுதொட்டியில் கவிழ்த்தாள். குழாயைத் திறந்துவிட்டாள். வெள்ளை சுற்றிச் சுற்றி இறங்கி, வெளுத்து, தண்ணீராகிற வரைக்கும் நின்று பார்த்தாள். அரக்குத் துணுக்குகளை ஒற்றித் துடைத்தாள், மெஷினில் அந்த இரண்டு பதிவையும் அழித்தாள், பாட்டிலைக் கழுவி மற்ற பாட்டில்களோடு கவிழ்த்து வைத்தாள். இதையெல்லாம் செய்த கைகள் நடுங்கவில்லை. அதுதான். கை நடுங்கியிருந்தால்கூட, பின்னால் நினைத்துப் பார்க்கும்போது பற்றிக்கொள்ள ஒரு கொம்பு கிடைத்திருக்கும்.

ஓய்வுபெற்ற வாத்தியாரான அவள் கணவரிடம் ஒரு நாள் பாதியைச் சொன்னாள், கையெழுத்துவரை. அஞ்சு பேரும்தான போட்டீங்க, ஒனக்கு என்ன தனியா என்று கேட்டுவிட்டு அவர் பேப்பரைத் திருப்பினார். ஐந்தாகப் பங்கு வைக்கிற சமாச்சாரம் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது, நில பாகம் மாதிரி, ஆளுக்கு ஒரு துண்டு. தொட்டியில் கவிழ்த்ததில் யாருக்குப் பங்கு. அதை அவரிடம் சொல்லவில்லை. அருமைநாயகம் இப்போது பைபாஸ் ரோட்டுப் பெட்ரோல் பங்க்கில் நிற்கிறார், ஐம்பது வயதில், பங்க் கொடுத்த சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டு, அதனால் அவள் தன் ஸ்கூட்டிக்கு மூன்று கிலோமீட்டர் சுற்றி வேறு பங்க்குக்குப் போகிறாள். பதினெட்டு வருடம் சர்ச்சில் செயலாளராக இருந்தவர், பாலில் தண்ணீர் கலந்தவர் வாயால் அறிக்கை வாசிக்கக் கூடாது என்று யாரோ எழுந்து சொன்னதோடு தானாகவே விலகிக்கொண்டாராம். ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொல்லிவிடுவது என்று முடிவெடுத்து, ஆரஞ்சுப் பழம் ஒரு டஜன் வாங்கிக்கொண்டு அவள் ஆனைக்குளத்துக்குப் போனாள். அவர் மனைவி ரெபேக்கா வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டாள். வந்து உட்கார வைத்து, ஃபேனைத் திருப்பிவைத்து, காப்பி போட்டுக் கொடுத்தாள், சமையலறை மேடையில் கத்தரித்த பால் பாக்கெட் கிடந்தது, பொன்னோடை பாக்கெட்தான். அருமைநாயகம் சட்டையை மாட்டிக்கொண்டு உள்ளேயிருந்து வந்தார், ஒன்றும் நடக்காததுபோல லேபில் எல்லாரும் சௌக்கியமா என்று ஒவ்வொருவர் பேராகக் கேட்டார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார், அன்னைக்கு மினிட்ஸ் எழுத உக்காந்திருந்த டைப்பிஸ்ட் அம்மா சொன்னாங்க மேடம், மத்தவங்க எல்லாம் கண்ண மூடிக்கிட்டுப் போட்டாங்களாம், நீங்க மட்டும் ரொம்ப நேரம் பேனாவ வச்சுக்கிட்டே தயங்கினீங்களாம், எனக்கு அது போதும் மேடம். எழுதாத பேனா. அது எழுதவில்லை என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள், ரெபேக்கா முந்திக்கொண்டாள்.

"அவுக ஜெபம் பண்ணும்போது ஒங்க பேரையும் சேத்துத்தான் சொல்லுதாக யக்கா. ஒரு நா விட்டதில்ல."

காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டாள். முழுசாகக் குடித்தாள், அடியில் சர்க்கரை தங்கியிருந்தது, அதையும் ஆட்டிக் குடித்தாள். வாசல்வரை வந்து வழியனுப்பினார்கள். அன்றைக்கு முதல் அவளுக்கு ஒரு நினைப்பு, சாயங்காலம் ஆறு ஆறரை ஆனால், அந்த வீட்டில் இப்போது தன் பேர் சொல்லப்படுகிறது என்று, காய் நறுக்கிக்கொண்டிருந்தாலும் சரி, ஸ்கூட்டியில் வந்துகொண்டிருந்தாலும் சரி, முதுகுத்தண்டில் ஒரு கூச்சம் இறங்கும், நம்மை யாரோ ஆசீர்வதிக்கிறார்கள் என்பது இத்தனை சுடுமா. திரையில் பறவைகள் ஓடின இப்போது. குளிர்காலத்தில் நம் பக்கம் வரும் சூறைக்குருவிகள், ஆயிரக்கணக்கில், ஒரே துணியை உதறுவதுபோல வானத்தில் சுருண்டு விரிந்தன, நாற்பது பேரும் வாய் பிளந்து பார்த்தார்கள். எந்தக் குருவிக்கும் முழுக் கூட்டமும் தெரியாது என்றாள் ரஷீதா, ஒவ்வொன்றும் பக்கத்தில் இருக்கிற ஆறேழு குருவியை மட்டும்தான் கவனிக்கும், அதுகள் திரும்பினால் திரும்பும், ஆபத்து வந்தால் இது கூட்டத்தைக் காப்பாற்றும், ஆனால் முதல் குருவி தப்பாகத் திரும்பினால் மொத்தக் கூட்டமும் தப்பாகத்தான் திரும்பும். அதனால்தான் எதைக் குருவியிடம் கற்பது, எதைத் தேனீயிடம் கற்பது என்று நிறுவனங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வேகமாக ஓட வேண்டுமா, குருவி. சரியாகத் தீர்மானிக்க வேண்டுமா, தேனீ. நல்ல பெண், நன்றாகச் சொல்கிறாள், இவளுக்கு இங்கே என்ன நடந்தது என்று தெரியாது, தெரியாமல்தான் இப்படி ஊசி ஊசியாக இறக்குகிறாள் என்று குழல்வாய்மொழி நினைத்தாள். சடகோபன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு உறைக்குமா, உறைக்காதா, அவருக்கு உறைத்தால் என்ன உறைக்காவிட்டால் என்ன, ஏன் ஒவ்வொரு முறையும் தன் மனசு அவர் வழுக்கைத் தலைமேலேயே போய் உட்கார்ந்துகொள்கிறது, தன் மேலேயே உட்காரப் பிடிக்காமல்தானே.

இப்போது துண்டுச் சீட்டு கொடுத்தார்கள். அதே ஜாடி, ஆனால் இந்த முறை பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாமல் எழுத வேண்டும், பேர் வேண்டாம். குழல்வாய்மொழி ஆயிரத்து நூறு என்று எழுதினாள், மடித்தாள். சீட்டுகளை வாங்கிப்போய் ரஷீதா கால்குலேட்டரில் தட்டினாள். முதல் தடவை நீங்கள் சொன்னதன் சராசரி ஐந்நூற்று ஐந்து, சீட்டில் எழுதியதன் சராசரி ஆயிரத்து நாற்பது, நேற்று என் மாணவிகள் உட்கார்ந்து எண்ணியது ஆயிரத்து நூற்று இருபத்தாறு என்றாள். ஹாலில் ஒரு சலசலப்பு. அப்படியானால் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது என்று குழல்வாய்மொழிக்குத் தோன்றியது. ஏறக்குறைய எல்லாருக்குமே. வாயில்தான் வரவில்லை. ரஷீதா சிரித்துக்கொண்டே, முதல் தடவை மனசுல ஒரு எண்ணிக்கை வச்சுக்கிட்டு வாயால வேற சொன்னவங்க கை தூக்குங்க என்றாள். ஒரு கைகூட எழவில்லை. சடகோபன் பாதி திரும்பி, வேடிக்கையாகத்தான், யார் யார் என்று பார்த்தார். நெய் வாசனை. முழங்கையில் வெயில். எதற்கு இந்தப் பாடு, புளியங்கொட்டை, புளியங்கொட்டைக்காகவா, கை தூக்கினால் சிரிப்பார்கள், அவ்வளவுதான், தூக்காவிட்டால் அதுவும் இல்லை, நாலு மணிக்கு டீ வரும், ஆறு மணிக்கு அந்த வீட்டில் ஜெபம் ஆரம்பிக்கும், குழல்வாய்மொழி அக்காவையும் அவர்கள் குடும்பத்தையும். கை எழுந்திருந்தது. அவள் தூக்கினாளா, தானாக எழுந்ததா, வெயில் சுட்ட கைதான் அது.

ரஷீதாவுக்குச் சந்தோஷம். எழுந்து நில்லுங்கள் மேடம், ஏன் மாற்றிச் சொன்னீர்கள், நேர்மையாகச் சொல்லலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டோம் என்றாள். குழல்வாய்மொழி எழுந்தாள். எனக்கு முந்தி எல்லாரும் சொல்லிட்டாங்கம்மா என்றாள். சிரிப்பு வந்தது, நல்ல சிரிப்பு, அவள் மேல் பிரியம் உள்ள சிரிப்பு, சடகோபன்கூடச் சிரித்தார். அதனாலென்ன மேடம், இதுல யாருக்கு என்ன நஷ்டம், புளியங்கொட்டைதானே, உட்காருங்க என்றாள் ரஷீதா, அவளைக் காப்பாற்றுகிற மாதிரி. அங்கேயே உட்கார்ந்திருக்கலாம். உட்காரத்தான் முட்டியை மடக்கினாள். பாதி மடங்கின முட்டியோடு, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, சொன்னாள்.

"அருமைநாயகம் சீல் வச்சு அனுப்புன சாம்பிள்ல தண்ணி இல்ல."

சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. ரஷீதா மட்டும் இன்னும் பாதிச் சிரிப்போடு நின்றாள், இது வகுப்பின் பகுதிதான் என்று நினைத்துக்கொண்டு. அருமைநாயகம் யார் என்று கேட்டாள். நாற்பது பேரைப் பார்த்துக் கேட்டாள். நாற்பது பேரில் பாதிக்கு மேல் அவர் வீட்டுக் கல்யாணத்தில் சாப்பிட்டவர்கள், ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவர் சொல்லட்டும் என்று பார்த்தார்கள். எங்க ஆனைக்குளம் சென்டரில் பொறுப்பாளரா இருந்தவர், தண்ணி கலந்தார்னு போன தை மாசம் வேலையை விட்டு அனுப்பினாங்க என்று குழல்வாய்மொழியே சொன்னாள், சொன்னதும் நாக்கு இடறியது, அனுப்பினாங்க, யார் அனுப்பினாங்க, அனுப்பினோம் என்று திருத்தினாள், அதுவும் போதவில்லை, அதிலும் நாலு பேர் முதுகுக்குப் பின்னால் நிற்கிறாள். கணபதிராமன் எழுந்துவிட்டார். மேடம், இது அதுக்கான இடம் இல்லை என்றார். சடகோபன் திரும்பவில்லை, நேராகத் திரையைப் பார்த்துக்கொண்டே, உட்காருங்க மேடம் என்றார், கோபமே இல்லாமல், பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதுபோல. அந்தக் குரலுக்கு அவள் முட்டி இன்னும் கொஞ்சம் மடங்கத்தான் செய்தது. ரஷீதா ஆராய்ச்சிக்காரி, அவள் கேட்க வேண்டியதைக் கேட்டாள், உங்களுக்கு எப்படி மேடம் தெரியும் என்று.

"மெஷின்ல வச்சுப் பாத்தேன். ரெண்டு தடவ."

"எப்போ?"

"கையெழுத்துப் போட்டு ரெண்டாம் நாள். போட்டதுக்கு அப்புறம்."

"அந்த சாம்பிள் இருக்கா?"

இல்லை என்று மட்டும் சொல்லி நிறுத்தியிருக்கலாம். கெட்டுப்போயிருக்கும், பதினொரு மாசம் ஆச்சே என்று அவர்களாகவே நினைத்துக்கொள்வார்கள், உண்மையைச் சொன்ன பொம்பளை என்று நாலு பேர் வீட்டில் போய்ப் பேசுவார்கள். அந்த நல்ல பேர் நாவில் இனிப்பாக ஊறுவது அவளுக்கே தெரிந்தது, இந்த நேரத்திலுமா, இப்படி ஒரு ஜென்மமா.

"நான்தான் தொட்டியில கொட்டினேன். மெஷின்ல இருந்த பதிவையும் நான்தான் அழிச்சேன். உத்தரவு அப்ப இன்னும் டைப் ஆகல."

பாரம் இறங்கும் என்று சொல்வார்கள். ஒன்றும் இறங்கவில்லை. முகம் முழுக்க, கழுத்து முழுக்க, மாரெல்லாம் நெருப்பு பரவினதுபோல இருந்தது, அவ்வளவுதான், இதுவரை உள்ளே இருந்த சூடு தோலுக்கு வந்திருந்தது. யாரும் அவளைப் பார்க்கவில்லை. டீ குடிச்சிட்டு வந்து தொடரலாம் என்று சடகோபன் எழுந்தார், மணி மூன்று இருபதுதான் ஆகியிருந்தது. முன்வரிசை எழுந்தது, இரண்டாம் வரிசை எழுந்தது, நாற்காலிகள் கிறீச்சிட்டன. பால் இறக்குமிடத்தில் வேலை பார்க்கிற பேச்சிமுத்து, அன்றைக்கு அந்த டேங்கரைத் திறந்தவன், எழுந்திருக்காமல் தன் கால்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனுக்கு என்ன தெரியுமோ, அது அவன் பாடு, சொல்வதானால் அவன் தானாக வந்து சொல்ல வேண்டும். பாக்கிங் செக்ஷன் ஆள் அவள் முழங்காலில் படாமல் ஒதுங்கிப் போனான். ஒவ்வொருவராகப் போனார்கள், பேச்சிமுத்து மட்டும் இருந்தான், குழல்வாய்மொழி நின்றாள், கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டி, அதில் ஸ்கூட்டிச் சாவி இருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள். வேலை போகும், போகட்டும், போலீஸ் கேஸ்கூட ஆகலாம், அதற்கெல்லாம் பயப்பட ராத்திரி இருக்கிறது. ரஷீதா மேடையிலிருந்து இறங்கி வந்துவிட்டாள், முகம் வெளுத்திருந்தது, எனக்குத் தெரியாது மேடம், தெரிஞ்சிருந்தா அப்படிக் கேட்டிருக்க மாட்டேன், நீங்க தைரியமாச் சொல்லிட்டீங்க என்று அவள் கையைத் தொட வந்தாள். குழல்வாய்மொழி கையை இழுத்துக்கொண்டாள்.

"இன்னும் சொல்லலம்மா. சொல்ல வேண்டியவர் பைபாஸ் ரோட்டுப் பங்க்ல நிக்காரு. என்னைய நல்லவளா நெனச்சுக்கிட்டு இருக்காரு."